ஆக்கள் இல்லாத ஊரில இருந்து வந்தவன்

முதலாம் நாள்

விடிய அஞ்சரைக்கு திருமலை (திருகோணமலை) பஸ் ஸ்டாண்டில இறங்கினன். கொழும்பில இருந்து இரவு பஸ், ஏசி எண்டு சொல்லித்தான் டிக்கெட் தந்தவங்க, தம்புள்ளை வரைக்கும்தான் அந்த ஏசிக்கு உயிர் இருந்தது, அதுக்குப் பிறகு ஜன்னலும் திறக்க ஏலாத பஸ்ஸுக்குள்ள எல்லாரும் புட்டுப் பானைக்குள்ள இருந்த மாதிரி அவிஞ்சு கொண்டு வந்தம். கந்தளாய் தாண்ட காத்து மாறீட்டு, உப்பு மணம், அதோட நித்திரையும் போயிட்டு.

நான் இருக்கிறது டார்வின்ல, ஆஸ்திரேலியாவின்ட வட அந்தத்தில. ஆறு வருசமாச்சு. இஞ்ச ஆர் கேட்டாலும் "சிட்னியா மெல்பேர்னா" எண்டுதான் கேக்கிறது, ரெண்டும் இல்ல எண்டா ஒரு மாதிரி பாக்கிறாங்க, ஏதோ பெயில் விட்டு அங்க போய் விழுந்த மாதிரி. டார்வின்ல இருந்து சிட்னிக்கு பிளேன்ல போற நேரமும் சிங்கப்பூருக்குப் போற நேரமும் ஏறத்தாழ ஒண்டுதான், ரெண்டும் நாலரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. அதால நான் ஊருக்கு வாறது சிட்னிக்குப் போறத விட பெரிய வில்லங்கமான வேலை இல்ல.

அம்மா இடியப்பமும் சொதியும் வச்சிருந்தா, கட்டச் சம்பலும். சாப்பிட்டு முடிக்கேல்ல, பின் வீட்டில இருந்து சின்ன மாமா வந்திட்டார், அவருக்குப் பின்னால அவற்ற மகன், என்ட மச்சான். மச்சான் கியூஎஸ், அதாவது கட்டட வேலைக்கு அளவும் செலவும் கணக்குப் பாக்கிற படிப்பு, படிச்சவன், ரெண்டு வருசம் கட்டார்ல நிண்டு வந்தவன், இப்ப ஆஸ்திரேலியா விசாவுக்கு பேப்பர் சேர்க்கிறான். வந்து கதிரையில இருந்த உடனே அவன் கேட்டது இதுதான்: "அண்ணை, இலங்கைய மாதிரி நூறு மடங்குக்கு மேல நிலம் வச்சிருக்கிறாங்க, ஆக்களும் இல்ல, பிறகு ஏன் எங்கள உள்ள விட இந்தப் பாடு படுத்துறாங்க?"

நல்ல கேள்விதான். ஆனா நான் நித்திரை கொள்ளப் போயிட்டன்.

இரண்டாம் நாள்

காலமை கோணேசர் கோயில். கோட்டை வாசலுக்குள்ள மான்கள் ரோட்டில படுத்திருக்குது, ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிச்சும் எழும்பாது, கோயிலுக்கு வாற சனம் குடுக்கிற வாழைப்பழத்தில வளந்த மான்கள். மேல இராவணன் வெட்டு எண்ட மலைப் பிளவுக்குக் கிட்ட நிண்டு கீழ கடலப் பாத்தா இப்பவும் எனக்கு கால் கூசும்.

திரும்பி வரேக்க மாமாட்ட அந்த நூறு மடங்குக் கணக்கச் சொன்னன். மாமா முப்பத்தெட்டு வருசம் விதானையாரா இருந்து பென்சன் எடுத்தவர், அதாவது இப்ப சொல்ற கிராம உத்தியோகத்தர், ஆக்கள எண்ணுறதுதான் அவருக்குத் தொழில். நிவாரண லிஸ்ட், வாக்காளர் லிஸ்ட், குடிசன மதிப்பு, எல்லாம் அவற்ற கையால போனது. அவரோட நம்பர் கதைச்சா கவனமாக் கதைக்கோணும்.

சரியாச் சொன்னா 117 மடங்கு. இலங்கை 65,610 சதுர கி.மீ., ஆஸ்திரேலியா கிட்டத்தட்ட 77 லட்சம். ஆனா ஆக்களப் பாத்தா கதை வேற. 1946 குடிசன மதிப்பில இலங்கையில 66 லட்சம் பேர், அப்ப ஆஸ்திரேலியாவில 74 லட்சம். 1971ல இலங்கை 1 கோடி 27 லட்சம், ஆஸ்திரேலியா 1 கோடி 30 லட்சம். ரெண்டு நாடும் இருபத்தஞ்சு வருசமா ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு சைக்கிள் ஓடின மாதிரி வந்திருக்கு. இப்ப இலங்கை 2 கோடி 17 லட்சத்துக்குக் கிட்ட நிக்குது, ஆஸ்திரேலியா 2024 தொடக்கத்தில 2 கோடி 70 லட்சத்தத் தாண்டீட்டு.

மாமா கோட்டை மதிலில சாஞ்சு நிண்டு யோசிச்சார். "எங்கட கூடினது சாவு குறைஞ்சதால" எண்டார். அது சரி. மலேரியாவுக்கு டிடிடி நுளம்பு மருந்து அடிச்ச காலம், 1946ல ஆயிரம் பேருக்கு 20 பேர் செத்த நாட்டில 1947ல 14 பேர்தான் செத்தாங்க, ஒரே வருசத்தில. மாமாட அப்பாவுக்கே மலேரியா மூண்டு தரம் வந்ததாம், இந்தப் பக்கம் காய்ச்சல் இல்லாத வீடு இல்ல, உலர் வலயத்தில சனம் குறைவா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில கூடினதில பாதிக் கதை கப்பல். பிள்ளைகளும் கனக்கத்தான் பிறந்தது, யுத்தம் முடிஞ்ச கையோட எல்லா ஊரிலயும் நடந்த மாதிரி, ஆனா அது போதாது எண்டு ஆக்கள இறக்கினாங்க.

அந்தக் கப்பல் கதை நாளைக்கு இல்லாட்டி நாளையிண்டைக்கு, எப்ப சீனன்குடாப் பக்கம் போறனோ அப்ப எழுதுறன், ஏனெண்டா அது எங்கட ஊரோட சேந்த கதை.

பின்னேரம் மழை வாற மாதிரி இருட்டி ஏமாத்தீட்டு.

மூன்றாம் நாள்

இண்டைக்கு கிண்ணியா. மாமாக்கு ஒரு சிநேகிதர், நாங்கள் நானா எண்டுதான் கூப்பிடுறது, மாமா சின்ன உத்தியோகத்தரா இருந்த காலத்தில இருந்து பழக்கம். அப்ப பாலம் இல்ல, பாதை எண்டு சொல்ற மிதவைப் படகில ஏறித்தான் கடக்கோணும், சைக்கிளும் ஆடும் ஆக்களும் எல்லாம் ஒண்டா. 2009ல பாலம் வந்த பிறகு பத்து நிமிசம்.

நானா வீட்டில முட்டியோட எருமைத் தயிர் கொண்டந்து வச்சார், கரண்டிய நட்டா நிக்கும், அதுக்கு மேல கித்துள் பாணி. சாப்பிட்டுக்கொண்டு எருமையப் பத்திக் கதைக்க வேண்டியதாப் போச்சு. டார்வின்ட சுத்துவட்டாரத்தில காட்டெருமை நிறைய. அது அந்த மண்ணில இருந்ததில்ல, 1800கள்ல தீமோர்ப் பக்கத்தில இருந்து கொண்டந்து விட்டது, குடியேத்தத்த மூடிப்போட்டு வெள்ளைக்காரர் போயிட்டாங்க, எருமை போகேல்ல. 1980கள்ல அந்த மாநிலத்தில மனுசர விட எருமை கூட. நானாவுக்கு நம்பவே ஏலாது. "அவ்வளவு எருமையையும் கறக்க ஆள் இல்லையா?" எண்டு கேட்டார். கறக்கிறதா, சுட்டுத்தான் குறைச்சாங்க எண்டன். மனுசன் கரண்டிய வச்சிட்டார்.

நான் இருக்கிற இடத்துக்கு வடபிராந்தியம் எண்டு பேர். இலங்கைய மாதிரி இருபது மடங்கு நிலம். ஆக்கள் எவ்வளவு எண்டா ரெண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. எங்கட திருகோணமலை மாவட்டத்தில 2012லயே 3 லட்சத்து 79 ஆயிரம் பேர். அதாவது கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளி எல்லாம் சேத்த இந்த ஒரு மாவட்டத்துச் சனம் அந்த முழு மாநிலத்த விடக் கூட. அந்த ரெண்டரை லட்சத்திலயும் பாதிக்கு மேல டார்வின்லயும் அத ஒட்டியும் இருக்கு. அங்கால தெற்க நோக்கி ஓடினா அலிஸ் ஸ்பிரிங்ஸ் 1,500 கி.மீ. நான் ஒரு தரம் காரில போனனான், ரெண்டு நாள். இடையில கதறின், டெனன்ட் கிறீக் எண்டு ரெண்டு ஊர் சொல்லலாம், மிச்சம் எல்லாம் ஒரு பெற்றோல் ஷெட், ஒரு பியர் கடை, ஒரு நாய். ஒரு ஷெட்ட விட்டா அடுத்தது எங்க எண்டு பாத்துத்தான் எண்ணெய் அடிக்கோணும். எதிரில வாற ட்ரைவர் ஸ்டியரிங்கில இருந்து ஒரு விரலத் தூக்குவான், அதுதான் அண்டைக்கு நான் கண்ட மனுசர்.

தெற்கு ஆஸ்திரேலியாவில அன்னா கிறீக் எண்டு ஒரு மாட்டுப் பண்ணை இருக்கு, 15 ஆயிரம் சதுர கி.மீ.க்கு மேல, இலங்கையில நாலில ஒரு பங்குக்குக் கிட்ட வரும், ஒரு பண்ணை! வேலை செய்யிறது விரல் விட்டு எண்ணுற ஆக்கள். இப்பிடி இருக்கிற சனத்துக்கு வருத்தம் வந்தா டொக்டர் பிளேன்ல வருவார், அந்தப் பறக்கிற டொக்டர் சேவை 1928ல தொடங்கினது. பிள்ளைகளுக்கு 1951ல இருந்து ரேடியோவில பள்ளிக்கூடம், இப்ப இன்டர்நெட்டில. சனம் குறைவா இருக்கிறது மலிவான விசயம் எண்டு நினைக்கவேண்டாம், ஒரு ஆளுக்குப் போற ரோட்டையும் ஆயிரம் பேருக்குப் போற ரோட்டையும் தார் ஒரே விலைக்குத்தான் போடோணும்.

திரும்பி வரேக்க தம்பலகாமம் வழியா வந்தம். வயல் பச்சையா இருக்கு, சிறுபோகம். மாமா ஓட்டோவ நிப்பாட்டச் சொல்லி இறங்கி, வரம்பில நிண்டு கேட்டார், "தம்பி, டார்வின்ல மழை எவ்வளவு?" நான் சொன்னன், வருசத்துக்கு 1,700 மில்லிமீட்டர் அளவில, திருமலைய விடக் கொஞ்சம் கூட. அவருக்குக் கோபம் வந்திட்டு. அப்ப ஏன் வயல் செய்யேல்ல? தண்ணி இல்லாத பாலைவனம் எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சம்?

செய்தாங்க மாமா. டார்வினுக்குக் கிட்ட ஹம்ப்டி டூ எண்டு ஒரு இடம், பேரே அப்பிடித்தான், நான் வைச்ச பகிடிப் பேரில்ல. 1950கள்ல அமெரிக்கக் காசும் வந்து பெரிய நெல் திட்டம் போட்டாங்க, வடக்க நெல் விளையிற பூமியாக்கி சனத்த நிரப்புறது எண்டு. விதைச்ச உடனே மக்பை வாத்துகள் ஆயிரக்கணக்கில வந்து இறங்கினது, காவலுக்கு துவக்கோட ஆள் நிண்டும் சரி வரேல்ல, அதோட எருமை, அதோட மண், தண்ணி கட்டுற முறையும் பிழைச்சுப் போச்சு. பத்து வருசம் கூட நிக்கேல்ல. மழை எல்லாம் நாலு அஞ்சு மாசத்துக்குள்ள கொட்டித் தீந்திடும், மிச்ச மாசம் மண் கருகிப் போயிருக்கும். மழை விழுறது மட்டும் காணாது, அத மறிச்சு வைக்க குளம் வேணும், குளத்துக்கு வாய்க்கால் வேணும், வாய்க்காலுக்குச் சண்டை பிடிக்க சனம் வேணும். இஞ்ச அது ஆயிரத்தைந்நூறு வருசத்து வேலை. மாமா உடனே குளக்கோட்டன் ராசாவத் தொடங்கீட்டார், கந்தளாய்க் குளத்துக் கதை, எனக்கு அஞ்சு வயசில இருந்து தெரிஞ்ச கதை. கேட்டுக்கொண்டு வந்தன்.

நல்ல மழை பெஞ்ச சில வருசத்த நம்பி ஆக்கள் மோசம் போன கதையும் அங்க இருக்கு. தெற்கு ஆஸ்திரேலியாவில கோய்டர் எண்டு ஒரு நில அளவைக்காரர் 1865ல தேசப்படத்தில ஒரு கோடு கீறினார், இதுக்கு வடக்க விதைக்காதைங்கோ, மழைய நம்பேலாது எண்டு. அடுத்து வந்த வருசங்கள்ல மழை நல்லாப் பெஞ்சது, கோட்டப் பாத்துச் சிரிச்சாங்க, ஏர் போற இடத்துக்கு மழை பின்னால வரும் எண்டு ஒரு கதையும் கட்டினாங்க, கோட்டுக்கு அங்கால போய் கல் வீடு கட்டி விதைச்சாங்க. 1880கள்ல வறட்சி. இப்பவும் அந்த வீடுகள் கூரை இல்லாம நிக்குது, நான் போட்டோவிலதான் கண்டனான், எங்கட சண்டைக்கால வீடுகள் மாதிரியே இருக்கு, மரம் மட்டும் முளைக்கேல்ல.

நான்காம் நாள்

மச்சான்ட பைக்கில சீனன்குடா. எண்ணெய்த் தாங்கிகள ரோட்டில இருந்தே காட்டுக்குள்ள காணலாம், பிரிட்டிஷ்காரன் கட்டினதில மிஞ்சின 99 தாங்கி. உள்ள விடமாட்டாங்க, நாங்களும் கேக்கேல்ல.

1942 ஏப்ரல் 9 விடிய யப்பான்காரன் திருமலைக்குக் குண்டு போட்டான். ஒரு பிளேன் வந்து ஒரு தாங்கியோட மோதி, அது ஏழு நாள் எரிஞ்சது எண்டு சொல்லுவாங்க, அம்மம்மா அந்தப் புகையக் கண்டதாச் சொல்லியிருக்கிறா, அப்ப அவவுக்கு ஒன்பது வயசு. எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிஞ்ச கதை. எனக்கு டார்வினுக்குப் போன பிறகுதான் தெரிஞ்சது என்னெண்டா, அதே யப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின்ட படைதான் ஏழு கிழமைக்கு முன்னம், பெப்ரவரி 19, டார்வினுக்கும் போட்டது. அங்க 235 பேர் அளவில செத்தது. டார்வின்ல அதுக்கு வருசா வருசம் நினைவு நாள், நான் வேலை செய்யிற இடத்தில சைரன் கேக்கும். திருமலையில குண்டு விழுந்த அதே ஏப்ரல் 9 மட்டக்களப்புக் கடல்ல ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பல் தாண்டது, அதோட கூடப் போன வம்பயர் எண்ட நாசகாரிக் கப்பலும், அது ஆஸ்திரேலியாக் கப்பல்.

நான் ரெண்டாம் நாள் சொன்ன கப்பல் கதை இஞ்ச இருந்துதான் தொடங்குது. டார்வினுக்குக் குண்டு விழுந்ததோட ஆஸ்திரேலியாக்காரருக்கு வயித்தில புளியக் கரைச்சிட்டு. இவ்வளவு பெரிய நிலத்த 70 லட்சம் பேர் வச்சுக்கொண்டிருந்தா ஆரும் வந்து புடுங்குவான், ஒண்டில் சனத்தக் கூட்டு, இல்லாட்டி அழிஞ்சு போ. 1945ல ஆர்தர் கால்வெல் முதலாவது குடிவரவு மந்திரியா வந்து கணக்குச் சொன்னார்: வருசம் ரெண்டு சதவீதம் கூடோணும், அதில ஒண்டு பிறக்கிற பிள்ளைகள், மற்றது வாற ஆக்கள். பிரிட்டன்காரருக்கு பத்து பவுணுக்கு டிக்கெட். அவங்க காணாம, யுத்தத்தில வீடு வாசல் இழந்த ஐரோப்பிய அகதிகள் ஒரு லட்சத்து 70 ஆயிரம் பேர், பிறகு இத்தாலி, கிரேக்கம்.

அந்தக் கப்பல்களில கனக்க எங்கட கொழும்பில நிண்டுதான் போனது. நிண்டு, இறங்கி, ஊர் பாத்து, யானைப் பொம்மை வாங்கி, திரும்ப ஏறிப் போனாங்க. கொழும்பில இருந்தவன் ஏறேலாது. 1901லயே சட்டம் போட்டாச்சு, ஏதாவது ஒரு ஐரோப்பியப் பாசையில சொல்வதெழுதுதல் வைப்பாங்க, எந்தப் பாசை எண்டு அவங்கதான் தெரிவு செய்யிறது, உனக்கு இங்கிலீஷ் வடிவாத் தெரியுமெண்டா வேற பாசையில வைப்பாங்க. அந்தச் சோதனை 1958 வரைக்கும் இருந்தது, வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை முழுசாப் போனது 1973ல. அதுக்கு முன்னம் இலங்கையில இருந்து போனது கூடுதலாப் பறங்கியர்தான், எங்கட பரம்பரை ஐரோப்பா எண்டு பேப்பர் காட்டி. பாலையூற்றுப் பக்கத்தில இருந்தும் அப்பிடிப் போன குடும்பங்கள் இருக்கு எண்டு அம்மா சொல்லுவா.

மச்சான் பைக்க நிப்பாட்டிப்போட்டுச் சொன்னான், "அப்ப இடம் இல்ல எண்டு இல்ல, எங்களுக்கு இடம் இல்ல எண்டுதான்." அண்டைக்கு அப்பிடித்தான். இண்டைக்கு அவ்வளவு லேசாச் சொல்லேலாது, 2021 கணக்கெடுப்பில அங்க இலங்கையில பிறந்தவங்க மட்டும் 1 லட்சத்து 31 ஆயிரம் பேர், வீட்டில தமிழ் கதைக்கிற ஆக்கள் 95 ஆயிரம். 2022-23 ஒரு வருசத்தில வெளிநாட்டில இருந்து வந்து கூடினது மட்டும் அஞ்சு லட்சத்துக்கு மேல, பிறப்பால கூடினது அதில நாலில ஒரு பங்கு கூட வராது. வாசல் திறந்துதான் இருக்கு, ஆனா படிப்பும் வயசும் இங்கிலீசும் புள்ளி போட்டுத்தான் ஆள உள்ள எடுக்கிறாங்க. வள்ளத்தில போனா கதை வேற. 2012ல மட்டும் இலங்கையில இருந்து ஆறாயிரம் பேருக்கு மேல வள்ளத்தில போய் இறங்கினவங்க, இந்தக் கரையில இருந்தும் போனது ஊருக்கே தெரியும். 2013 கடைசியில இருந்து கடல்லயே மறிச்சுத் திருப்பத் தொடங்கினாங்க, அடுத்த வருசம் "வழியில்லை" எண்டு தமிழ்லயும் சிங்களத்திலயும் விளம்பரம், கடல் கொந்தளிக்கிற படத்தோட. அந்த நேரம் அப்பிடிப் போய்த் திரும்பி வந்த ஒருத்தர் இப்ப இஞ்ச ஓட்டோ ஓடுறார். அவரோட இதப் பத்திக் கதைக்க எனக்கு வாய் வரேல்ல, பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்தனாங்கள்.

இதுக்குப் பிறகு மச்சானுக்கு அவன்ட 491 விசாவ விளங்கப்படுத்தினன். 2019 நவம்பர்ல வந்த விசா. சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் மூண்டும் கூடாது, வேற எங்கயும் மூண்டு வருசம் இருந்து உழைச்சா பிறகு நிரந்தரம் கேக்கலாம். சனத்த உள்ளுக்க தள்ளுறதுக்கான வழி. ஏனெண்டா நாட்டில மூண்டில ரெண்டு பங்கு சனம் மாநிலத் தலைநகரங்கள்ல, சிட்னியும் மெல்பேர்னும் மட்டும் சேந்தே பத்துப் பேரில நாலு பேர், பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல கடல்ல இருந்து 50 கி.மீ.க்குள்ள. அந்தப் பெரிய தேசப்படத்துக்கு ஓரம் தச்ச மாதிரித்தான் சனம் இருக்கு. மூண்டு வருசம் முடிஞ்ச உடனே எங்கட ஆக்கள் என்ன செய்வாங்க? டார்வின்ல எங்களோட பொங்கல் பொங்கின பதினொரு குடும்பத்தில ஏழு குடும்பம் இப்ப மெல்பேர்ன்ல. கோயில் இருக்கு, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு, முருங்கைக்காய் மலிவு. ஆர் பிழை சொல்றது. நான் ஏன் நிக்கிறன் எண்டு கேட்டா, வெக்கை, மாம்பழம், பின்னேர மழை, ஊர் மாதிரி இருக்கு. மனுசி இதுக்கு ஒத்துக்கொள்ளமாட்டா.

ஐந்தாம் நாள்

நேத்து நிலாவெளியில கடல் குளிச்சு, கணவாய்ப் பிரட்டல் கூடிப் போய் இண்டைக்கு வயிறு சரியில்ல. வீட்டிலதான். அம்மா மல்லித் தண்ணி தாறா. எழுத ஒண்டும் இல்ல, அம்மாட முத்தத்தில மூண்டு மயில் வந்து நிக்குது, முந்தி இப்பிடி ஊருக்குள்ள வாறேல்ல.

ஆறாம் நாள்

இரவு பஸ், அதால பகல் முழுக்க வீட்டில. மாமா ஒரு பழைய கொப்பியோட வந்தார். 1981 குடிசன மதிப்புக்கு அவர் வீடு வீடாப் போகேக்க தன்ட கணக்குக்கு எழுதி வச்சது, வேலைக்குச் சேர்ந்த புதுசு. வீட்டுக்காரர் பேர், எத்தனை பேர், கிணறு இருக்கோ இல்லையோ. மாவட்டத்துக்கு அப்ப மொத்தம் 2,55,948. அதுக்குப் பிறகு 1991ல எண்ணேல்ல. 2001ல எண்ணினாங்க, இஞ்ச முழுக்க எண்ண ஏலாது, சண்டை. அடுத்த முழுக் கணக்கு 2012. முப்பத்தியொரு வருசம். அந்த இடைவெளிக்குள்ள அந்தக் கொப்பியில இருக்கிற வீடுகள்ல பாதி வீடு இல்ல, இந்தியாவுக்குப் போனது, கனடா போனது, செத்தது, எங்க எண்டு தெரியாதது. மாமா ஒவ்வொண்டாத் தட்டித் தட்டி வாசிச்சார், சில பேருக்கு நிப்பாட்டினார்.

நான் அவருக்கு ஆஸ்திரேலியாவில எண்ணாம விட்ட ஆக்களப் பத்திச் சொன்னன். 1901 அரசியலமைப்பில 127ம் பிரிவு, நாட்டுச் சனத்தக் கணக்கெடுக்கேக்க ஆதிக்குடிகளச் சேக்கக் கூடாது. ஐம்பதினாயிரம் வருசத்துக்கு மேல அந்த நிலத்தில இருந்தவங்க. 1967ல சர்வசன வாக்கெடுப்பு வச்சு, நூத்துக்குத் தொண்ணூறு பேர் ஓம் எண்டு சொல்லி, அந்தப் பிரிவ எடுத்தாங்க. ஆளில்லாத நிலம் எண்ட கதை நீதிமன்றத்தில பொய்யானது 1992ல, எடி மாபோ எண்டவர் போட்ட வழக்கில, தீர்ப்பு வர முன்னம் மனுசன் செத்துப் போனார். என்ட வடபிராந்தியத்தில இண்டைக்கும் மூண்டில ஒரு பங்குக்குக் கிட்ட அவங்கதான். நான் அலிஸ் ஸ்பிரிங்ஸ் ரோட்டில ரெண்டு நாள் "ஒண்டுமில்ல" எண்டு பாத்துக்கொண்டு போன இடத்துக்கெல்லாம் அவங்களிட்ட பேர் இருக்கு, ஒவ்வொரு தண்ணி ஊத்துக்கும், ஒவ்வொரு கல்லுக்கும். மூண்டாம் நாள் நான் எழுதினதத் திருப்பி வாசிச்சன், "ஒரு ஷெட், ஒரு பியர் கடை, ஒரு நாய்" எண்டு எழுதியிருக்கிறன். அழிக்கேல்ல, கிடக்கட்டும்.

மாமா கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. பிறகு கந்தளாய், அல்லைக் குடியேத்தத்தப் பத்தித் தொடங்கினார், 1950கள்ல காடு, ஆளில்ல எண்டு சொல்லித்தான் தெற்கில இருந்து கொண்டந்து இருத்தினாங்க, அந்தக் காட்டுக்குள்ள எங்கட மாடு மேஞ்சது, தேன் எடுத்தது, குளத்துக்குப் பேர் இருந்தது. அதே மூச்சில, வந்தவனும் பாவம், காணி இல்லாதவன், மலேரியாவிலயும் யானையிலயும் செத்தவன், 1986ல கந்தளாய்க் குளம் உடையேக்க வெள்ளத்தில போனவன் எண்டும் சொன்னார். மாமா இப்பிடி ரெண்டு பக்கமும் சொல்லுவார், அதால அவரோட சண்டை பிடிக்கிறவங்க கூட. இண்டைக்கு இந்த மாவட்டத்தில தமிழர், முஸ்லிம், சிங்களவர் எண்டு மூண்டு சனமும் இருக்கு, ஒரு சனமும் பாதியத் தாண்டேல்ல, ஒவ்வொரு கணக்கெடுப்பு வரேக்கையும் மூண்டு பேரும் மூச்சப் பிடிச்சுக்கொண்டு நிப்பாங்க. டார்வின்ல என்ட பக்கத்து வீட்டுக்காரனுக்கு சென்சஸ் எண்டா ஒரு இரவு போம் நிரப்புற தொல்லை, அவ்வளவுதான்.

அம்மாட வீட்டு வாசல் நிலையில 2024 கணக்கெடுப்புக்காரர் ஒட்டின ஸ்டிக்கர் இன்னும் இருக்கு, அரைவாசி உரிஞ்சு. இந்த வீட்டில எத்தனை பேரெண்டு எழுதினவை எண்டு கேட்டன். ஒண்டு எண்டா அம்மா. மூண்டு பிள்ளை பெத்தவ. எனக்கு நம்பர் தெரியும், ஆனா அந்த நம்பர் காதில விழேக்க வேற மாதிரி இருந்தது. "நீங்கள் மூண்டு பேரும் எங்க எண்டு அந்தப் பிள்ளை கேட்டது, சொன்னன், அது எழுதேல்ல" எண்டா. வழமையா இஞ்ச இருக்கிற ஆக்களத்தான் எழுதுவாங்க அம்மா எண்டு மாமா விதானையார் குரல்ல விளக்கப் போனார், அம்மா குசினிக்குள்ள எழும்பிப் போயிட்டா.

ஆஸ்திரேலியாவில அடுத்தது 2026 ஆகஸ்ட் 11. அதில என்னை எண்ணுவாங்க, நாலு பேர் எண்டு போம்ல போடுவன்.

இப்ப பஸ்ஸுக்குள்ள இருந்து எழுதுறன். அம்மா கட்டித் தந்த பார்சலில சூடைக் கருவாடும் இருக்கு, எயார்போட்டில காட்டினா எடுத்துப்போடவும் கூடும், காட்டாட்டி தண்டம் போடவும் கூடும், எப்பிடியும் டார்வின் வரைக்கும் மணம் வரும். மச்சான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவன், போம்ல எந்த மாநிலம் எண்டு போடுறது எண்டு இன்னும் முடிவில்லையாம், தாஸ்மேனியா குளிரோ எண்டு கேட்டான். குளிர் எண்டன். கந்தளாய் தாண்டி ரோட்டோரத்தில யானை ஒண்டு நிக்குது, பஸ் மெதுவாப் போகுது, எல்லாரும் போன தூக்கிக்கொண்டு ஒரு பக்கத்துக்குச் சரியிறாங்க. ஏசி இண்டைக்கு வேலை செய்யுது. என்ட போன்ல 9 சதவீதம்தான் இருக்கு.